சாதாரண சித்தியோடு வந்த மஸீனா

ஒரு கேள்வியோடு இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கிறேன். தாதி மஸீனா மேற்படிப்புக்கு முதல் இரண்டு தடவை விண்ணப்பித்தபோது, தெரிவுக் குழுவில் இருந்த நாங்கள் ஏன் அவருடைய கடிதத்தை வாசிக்கவில்லை? மூளையில் இரத்தம் கசிந்து, நாற்பத்திரண்டு வயதில் அவர் போய்ப் பதினெட்டு நாட்களாகின்றன. அன்றிலிருந்து யோசிக்கிறேன். நாளை இன்னொருவருடைய கடிதம் எங்கள் முன் வரப்போகிறது. அதனால்தான் இந்தக் கேள்வி என்னை இருக்கவிடுவதில்லை.

மேடையில் இருக்கும் மடவளைப் பள்ளிவாசல் நிர்வாகத்தினருக்கும், பிரதம தாதிக்கும், முன்வரிசையில் இருக்கும் மஸீனாவின் கணவர் ரிஸ்மி அவர்களுக்கும், வேலை முடிந்து சீருடையோடே வந்திருக்கும் தாதியருக்கும் என் ஸலாமும் வணக்கமும். எனக்கு மேடைப் பேச்சு வராது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

தாதியர் முதுமாணிப் பட்டப்படிப்புக்கு ஆள் எடுக்கும் குழுவில் பதினொரு வருடமாக இருக்கிறேன். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெறுபேற்றுத் தாளை மட்டும் பார்த்து விண்ணப்பங்களை இரண்டாகப் பிரிப்போம். முதல் பட்டத்தில் வகுப்புச் சித்தி, அதாவது உயர் தரத் தேர்ச்சி, பெற்றவர்கள் மேசையில். சாதாரண சித்தி, அதாவது வெறும் தேர்ச்சி மட்டும், பெற்றவர்கள் பக்கத்துக் கதிரையில். கதிரையில் வைத்ததை யாரும் எடுப்பதில்லை. அப்படி எந்தச் சட்டமும் இல்லை. கை பழகிவிட்டது.

மஸீனாவின் விண்ணப்பம் இரண்டு வருடம் அந்தக் கதிரையில் கிடந்தது. மூன்றாவது வருடம் அவர் தபாலில் போடவில்லை. நேரே கொண்டுவந்து கொடுத்து, குழுத் தலைவர் முதல் பக்கத்தை வாசித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றார்.

விண்ணப்பத்தோடு வைத்த கடிதத்தில் என்ன எழுதியிருந்தார்? நோயைச் சொன்னாரா? குடும்பக் கஷ்டத்தைச் சொன்னாரா? இல்லை. புள்ளி குறைந்த பாடங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே, பிறகு வார்டில் என்ன கற்றார் என்று எழுதியிருந்தார். மருந்தியலுக்கு எதிரே இப்படி இருந்தது: இன்சுலின் அளவைப் பிழையாக விளங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன ஏழு பேர் திரும்பி வந்தார்கள், தமிழிலும் சிங்களத்திலும் படம் போட்டு ஓர் அட்டை செய்தேன், அதற்காக மருந்தியலை முதலிலிருந்து படித்தேன்.

நேர்முகத்தில் நான்தான் கேட்டேன், ஏன் இப்படிப் புள்ளிகள் என்று.

"படிக்கல்ல மிஸ். அந்த நேரம் இந்த வேல எனக்கு வேணுமாண்டு தெரியாது. இப்ப தெரியும்."

நான் எதிராக வாக்களித்தேன். அதைச் சொல்லாமல் இங்கே அவரைப் புகழ்ந்தால் அது பொய். மற்றவர்கள் அவரை எடுத்தார்கள்.

அவர் முதலாவதாக வந்தாரா? வரவில்லை. புள்ளிவிபரவியலை இரண்டாம் தடவைதான் தாண்டினார். ஆனால், வீட்டுக்குப் போகுமுன் நோயாளி தன் மருந்தைத் தானே சொல்லிக்காட்ட வேண்டும் என்ற பழக்கத்தை அவருடைய வார்டில் கொண்டுவந்தார். அது இன்றும் நடக்கிறது. பின்னர் போதனாசிரியையாகி, எங்கள் குழுவுக்கே வந்தார். வந்த முதல் நாளே கதிரையில் கிடந்த கட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். நேரம் போகிறது என்றேன்.

"நீங்க ஃபெர்ஸ்ட் கிளாஸ் தானே மிஸ். நீங்க போட்ட ஊசி நோகல்லயா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் வீட்டுக்குப் போய்த்தான் சிரித்தேன்.

நாளை குழு கூடுகிறது. மடுல்கெல்லப் பக்கத்துத் தாதி ஒருவர் சாதாரண சித்தியோடு விண்ணப்பித்திருக்கிறார். வயது எல்லைப்படி அவருக்கு இதுதான் கடைசி வருடம். அவருக்காகப் பேசப்போவதாக மஸீனா என்னிடம் சொல்லியிருந்தார். இனி யார் பேசுவது? மஸீனாவைப்போல எனக்கு மனிதர்மேல் சட்டென்று நம்பிக்கை வராது. எடுப்போம் என்று நான் வாக்குத் தர முடியாது. வாசிக்காமல் விடமாட்டேன். கதிரையில் விடமாட்டேன். இந்தச் சபை முன் அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

இதுவரை அன்று கூட்டத்தில் பேசியது; மறுநாள் நடந்ததை, இந்தப் பேச்சை அச்சிடும் நினைவு மலருக்காகச் சேர்க்கிறேன். சாதாரண சித்தி விண்ணப்பங்கள் ஆறு இருந்தன. ஆறையும் வாசித்தேன், நாற்பது நிமிடம் ஆனது. ஐந்தை நானே வேண்டாம் என்றேன். மடுல்கெல்லத் தாதியை நேர்முகத்துக்கு அழைக்க முன்மொழிந்தேன். இருவர் மறுத்தார்கள், மூவர் சம்மதித்தோம். பிற்பகலில் நானே தொலைபேசியில் அவரிடம் சொன்னேன். அவர் கேட்டார்:

"எத்தன மணிக்கு வரணுங்க மிஸ்?"