ஏழாம் வளைவில் ஆள் இருந்தது

அணி இயக்குநர் கஜிதானி அவர்களே, நீங்கள் வெளியிட்ட அறிக்கை பொய். ஒனுமா ஷின்சகு எந்தத் தவறும் செய்யவில்லை.

பந்தயத் தடத்தின் தலைவர் நிஷிவாகி அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவர் மனைவி ஃபுமியே அம்மா அவர்களே, இடமில்லாமல் வெளியே மூடுபனியில் நின்று ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருக்கும் ரசிகர்களே, என்னோடு கொடி பிடிக்கும் தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். முதலில் வணக்கம் சொல்லியிருக்க வேண்டும். தெரியும். நாற்பது நாளாக அந்த ஒரு வாக்கியம் தொண்டையில் நிற்கிறது. அது வெளியே வராமல் வேறு எதுவும் வராது.

என் பெயர் ஹசேகுரா மியோ. வாரநாட்களில் உறைய வைத்த கொழுக்கட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் ஆலையில் வேலை. வார இறுதிகளில் இந்தக் கிரிஹாரா தடத்தின் ஏழாம் வளைவில் நிற்பேன். மஞ்சள் கொடி என்றால் ஆபத்து, மெதுவாகப் போ. நீலக் கொடி என்றால் பின்னால் வேகமான வண்டி வருகிறது, வழி விடு. எட்டு வருடமாக இந்த வேலை. கூலி கிடையாது. ஒரு தொப்பியும் ஒரு சாப்பாட்டுப் பொட்டலமும் தருவார்கள். இந்த அஞ்சலிக் கூட்டத்தில் ரசிகர்கள் சார்பில் ஐந்து நிமிடம் பேச என்னை அழைத்தீர்கள். நான் எழுதிக் கொடுத்த தாளை உங்கள் அலுவலகம் படித்துப் பார்த்து, இரண்டு பத்திகளை அடித்துவிட்டுத் திருப்பித் தந்தது. அந்தத் தாளை இதோ மடித்து வைத்துவிட்டேன்.

யார் இந்த ஒனுமா ஷின்சகு? முப்பத்தொரு வருடம் பந்தயக் கார் ஓட்டியவர். நாங்கள் மரியாதையாக ஒனுமா சான் என்று கூப்பிடுபவர். ஐம்பத்தெட்டு வயதில், தன் வயதில் பாதிகூட இல்லாதவர்களோடு ஓட்டிக்கொண்டிருந்தவர். எத்தனை வெற்றி? இரண்டு. இரண்டே இரண்டு! இரண்டு முறை ஜெயித்தவருக்கு வெளியே ஏன் இத்தனை பேர் நிற்கிறார்கள்? வடக்கே ஹொக்கைடோவிலிருந்து கப்பல் ஏறி ஏன் வந்திருக்கிறார்கள்? கோப்பைகளை எண்ணிப் பழகியவர்களுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது.

வெளியே நிற்பவர்களுக்குத் தெரியும். கிரிஹாராவில் மூடுபனி மலையிலிருந்து இறங்காது. தரையிலிருந்து எழும்பும். முதலில் புல் மறையும், பிறகு வேலி, பிறகு தேவதாரு மரங்கள். கடைசியில் நம் கையில் உள்ள கொடியே வேறு யாரோ பிடித்திருப்பதுபோல் ஆகிவிடும். அப்போது ரசிகர்கள் என்ன செய்வார்கள்? கண்ணை மூடிக்கொள்வார்கள். ஆயிரம் பேர் கண்ணை மூடிக்கொண்டு வேலியோரம் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் சத்தங்கள் வரும். ஒவ்வொரு வண்டியாகப் போகும். யாரும் அசைய மாட்டார்கள். பிறகு ஒரு சத்தம், ஏழாம் வளைவுக்கு முன்னால் ஒரு மூச்சு அளவுக்குத் தணிந்து, மறுபடி எழும்பும். ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் கண் திறப்பார்கள். வெண்மைக்குள் இரண்டு மஞ்சள் வெளிச்சம். கண்ணாடிக்குப் பின்னால் ஆரஞ்சு ஹெல்மெட், உயர்ந்த இடது கை. அவ்வளவுதான். மறுபடி வெண்மை. பார்த்தோமா, கனவு கண்டோமா என்று தெரியாது. பக்கத்தில் நிற்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம்.

மூன்றாவது வரிசையில் ஹமனாகா அண்ணன் இருக்கிறார். நகரப் பேருந்து ஓட்டுபவர். ரசிகர் குழுவின் தலைவர். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஏழாம் வளைவு வேலியில் கட்டுவதற்காக, 'நிச்சயம் வெற்றி' என்று போர்வைத் துணியில் பெரிதாக எழுதினார். அவசரத்தில் முதல் எழுத்தில் குறுக்கே போக வேண்டிய கோட்டை விட்டுவிட்டார். நம் ஜப்பானிய எழுத்தில் அந்தக் கோடு இல்லாவிட்டால் 'நிச்சயம்' என்பது 'நெஞ்சம்' ஆகிவிடும். பள்ளியில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் செய்கிற பிழை. 'நெஞ்சம் வெற்றி' என்று வேலியில் தொங்கியது. அது என்ன வெற்றி? யாருக்கும் தெரியவில்லை. அன்று ஒனுமா சான் பதினான்காவதாக வந்தார். பந்தயம் முடிந்து நேராக வேலிக்கு நடந்து வந்தார்.

"யாருங்க இத எழுதினது?"

"நான்தாங்க," என்றார் ஹமனாகா அண்ணன். கூட இருந்தவர்கள் விடவில்லை. "ஏம்ப்பா, நீ ஊர் பேர் பார்த்துத்தான பஸ் ஓட்டறே? எங்கேயாவது தப்பா கொண்டுபோய் விட்டுடாதே!"

"இப்பவே கோட்ட போட்டுடறேங்க. தூரிகை வண்டியிலதான் இருக்கு."

"போடாதீங்க. நிச்சயம்னு எழுதினா நான் ஊர ஏமாத்தின மாதிரி ஆயிடும். என்னிக்காவது நிச்சயமா ஜெயிச்சிருக்கேனா? சொல்லுங்க."

எல்லோரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

"நெஞ்சம்னா சரி. அது இருக்கு. அதுக்கு நான் பொறுப்பு."

அன்றிலிருந்து அந்தத் துணி அப்படியே தொங்கியது. மழையில் நைந்தால் புதுத் துணி. ஒவ்வொரு முறையும் அந்தக் கோடு இல்லாமலே!

இப்போது எல்லோரும் தலையைத் திருப்பி இந்த மேடைக்குப் பின்னால் பாருங்கள். அந்தத் துணியைப் படம் எடுத்து, பெரிதாக அச்சடித்து மாட்டியிருக்கிறார்கள். நன்றி. ஆனால் என்ன செய்திருக்கிறார்கள்? கோட்டைப் போட்டுவிட்டார்கள்! கணினியில் திருத்தி, 'நிச்சயம் வெற்றி' ஆக்கிவிட்டார்கள். காலையில் உள்ளே வந்த ஹமனாகா அண்ணன் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றுதான் சொன்னார். "யாரோ வேற ஆளுக்குக் கூட்டம் நடக்குது போலிருக்கும்மா."

பிழை என்று நினைத்துத் திருத்தியிருப்பீர்கள். உங்களுக்கு அசிங்கமாக இருந்திருக்கும். இல்லாத கோட்டை இவ்வளவு எளிதாகப் போட முடிந்த கைகளுக்கு, இருந்த ஆளை அழிப்பதா கடினம்?

அதற்குத்தான் வருகிறேன். அதற்குமுன் நான் அவருக்குச் செய்த பெரிய துரோகத்தைச் சொல்லிவிடுகிறேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரியுங்கள். அவர் இருந்தால் அவரும் சிரிப்பார்.

ஏழாம் வளைவில் எனக்கு அது முதல் வருடம். மழை. முன்னால் போனவர்கள் எல்லாம் வழுக்கி விழுந்து, ஒனுமா சான் முதலிடத்தில் வந்துகொண்டிருந்தார். அவரை முதலிடத்தில் யார் எதிர்பார்த்தார்கள்? நான் எதிர்பார்க்கவில்லை. ஆரஞ்சு ஹெல்மெட்டைப் பார்த்ததும், பின்னால் வருபவர்தான் முதல் ஆள் என்று நினைத்து, நீலக் கொடியை எடுத்து ஆட்டு ஆட்டு என்று ஆட்டினேன். வழி விடு, வழி விடு! அவர் வழி விட்டார். இரண்டாவதாக முடித்தார்.

அன்று சாயங்காலம் எங்கள் கொட்டகைக்கு வந்தார். கையில் ஒரு காகிதப் பை.

"இங்க ஏழு யாரு?"

"நான்தாங்க. என்னை மன்னிச்சிடுங்க. நான்..."

"எத்தனையோ வருஷமா பின்னாலயே ஓட்டிட்டு, ஒரு நாள் முன்னால வந்தேன். அன்னிக்குப் பார்த்து ஒதுங்குடா கிழவான்னு கொடி காட்டினியே, ஏழு!"

"நீங்க ஒதுங்காம இருந்திருக்கலாமேங்க. நீங்கதான் முதல்லன்னு உங்களுக்குத் தெரியுமே."

"தெரியும். ஆனா நீ அவ்வளவு உறுதியா ஆட்டினதும் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு." பையிலிருந்து சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கை எடுத்துப் பிட்டு, பாதியை என்னிடம் நீட்டினார். "கொடி காட்டினா நம்பணும். நம்பலைன்னா நீ எதுக்கு மழையில அங்க நிக்கறே?"

அதன்பிறகு எட்டு வருடம் என் பெயர் 'ஏழு'. என் உண்மைப் பெயர் அவருக்குத் தெரியுமா என்றே எனக்குத் தெரியாது.

கொடி காட்டினால் நம்பினார். அதேபோல், கொடி இல்லை என்றால் வழி சரியாக இருக்கிறது என்றும் நம்பினார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

விபத்து நடந்த அன்று பந்தயம் இல்லை, பரிசோதனை ஓட்டம். பந்தய நாளில் ஒவ்வொரு வளைவிலும் மூன்று பேர் நிற்போம். பரிசோதனைக்கு எதற்கு மூன்று பேர் என்று, நிஷிவாகி அவர்களே, இந்த வருடம் முடிவு செய்தீர்கள். ஏழாம் வளைவில் நான் ஒருத்தி. காலை பத்தரைக்குப் பனி எழுந்தது. அதற்குமுன் போன வேறொரு வண்டியிலிருந்து உடைந்த தகடு ஒன்று தடத்தின் நடுவில் கிடந்தது. நான் மஞ்சள் கொடியை ஆட்டிக்கொண்டே, வானொலியில் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டேன்.

"ஏழு பேசறேன். எதுவும் தெரியல. ஓட்டத்த நிறுத்துங்க."

"பார்க்கலாம்."

"தகடு கிடக்குதுங்க."

"இப்ப வண்டி எதுவும் வரல. ஒருத்தர் இறங்கி எடுத்துடுங்க."

"நான் ஒருத்திதான் இருக்கேன். நான் இறங்கினா கொடி பிடிக்க ஆள் இல்ல. நிறுத்துங்க."

"பார்க்கலாம். முதல்ல அத எடுங்க."

பார்க்கலாம்! எதையுமே பார்க்க முடியாத பனியில், மூன்று கிலோமீட்டர் தள்ளி, ஹீட்டர் போட்ட அறையில் உட்கார்ந்துகொண்டு, பார்க்கலாம்! இந்த நாட்டில் எத்தனை பேர் அந்தச் சொல்லுக்கு அடியில் கிடக்கிறார்கள்? எங்கள் ஆலையில் இயந்திரத்தின் மூடி உடைந்தபோதும் மேலாளர் இதைத்தான் சொன்னார். ஒருத்தியின் விரல் போனபிறகுதான் பார்த்தார்.

நான் இறங்கினேன். கொடியை வேலியில் சாய்த்துவிட்டு இறங்கினேன். மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஃபுமியே அம்மா, இதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன். என் தவறு அது. அதை நான் எங்கும் மறைக்கவில்லை.

தகட்டைத் தூக்கி நிமிர்ந்தபோது எல்லாம் வெள்ளையாக இருந்தது. வேலி எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அமைதி. பிறகு அந்தச் சத்தம். ஒரு மூச்சு தணிந்து, மறுபடி எழும்பியது. பழக்கதோஷம், எனக்கு முதலில் பயம் வரவில்லை. சந்தோஷம் வந்தது. வந்துட்டாரு என்று நினைத்தேன். இரண்டு மஞ்சள் வெளிச்சம் எனக்கு நேராக வந்தது. பிறகு இரண்டும் சேர்ந்து ஒரு பக்கமாகத் திரும்பின. யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட, ஒருவர் திரும்பிப் பார்ப்பாரே, அப்படி. அந்தப் பக்கம் சுவர்.

இன்னும் பல விடியற்காலைகளில் கனவில் அந்த வெளிச்சம் வருகிறது. கனவில் அது திரும்புவதே இல்லை. என்னை நோக்கி வந்துகொண்டே இருக்கிறது, வந்து சேர்வதும் இல்லை. இடது கை மட்டும் உயர்ந்திருக்கிறது.

கஜிதானி அவர்களே, உங்கள் அறிக்கையில் தகடு இல்லை. "பார்க்கலாம்" இல்லை. நான் இல்லை. "காலியாக இருந்த தடத்தில் ஓட்டுநர் வளைவைத் தவறாகக் கணித்தார், வயதும் காரணமாக இருக்கலாம்." முப்பத்தொரு வருடம் அந்த வளைவைக் கண் தெரியாத பனியில்கூடத் தவறவிடாதவர்! அவர் கணித்தது வளைவை அல்ல. என்னை. ஒரு நொடியில், ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் ஏழு. சரியாகக் கணித்தார். அதற்குச் சாட்சி, மைக் முன்னால் நின்று பேசிக்கொண்டிருக்கிறது.

தோழர்களே, ஒனுமா சானின் வேலை எது? ஓட்டுவது மட்டுமா? கொடி பிடிப்பவளை ஓர் ஆளாக நினைத்தாரே, அதுவும் அவர் வேலைதான். அதை நாம் செய்வோம். அடுத்த பந்தயத்தில் ஏழாம் வளைவில் நான் நிற்பேன். இனி எந்த வளைவிலும் தனியாக நிற்கச் சொன்னால் நாங்கள் யாரும் நிற்க மாட்டோம். நூற்று இருபது பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். வேலியில் ஹமனாகா அண்ணனின் துணி தொங்கும், கோடு இல்லாமல்.

கடைசியாக ஒன்று. வண்டியிலிருந்து ஓட்டுநர் பேசுவது முழுக்க உங்கள் அணியிடம் பதிவாகிறது. உங்கள் ஆட்களில் ஒருவர் என் வீட்டு வாசலுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், நின்றபடியே அழுதார். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்கு வேலை வேண்டும். "கடைசியா உன்னத்தான் கூப்பிட்டாரு. 'ஏழுல ஆள் இருக்கு'ன்னாரு" என்றார். ஒன்பது நொடிப் பதிவு. அதைத் தரச் சொல்லி ஃபுமியே அம்மா மூன்று முறை உங்களுக்கு எழுதினார். "பார்க்கலாம்" என்று பதில் வந்தது.

கஜிதானி அவர்களே, அந்தப் பதிவு உங்களிடம் இருக்கிறது. இந்த மண்டபத்தில் ஒலிபெருக்கியும் இருக்கிறது. ஒன்பது நொடி. இங்கே, இப்போது போடுங்கள்.

ஏன் தாளைப் பார்க்கிறீர்கள்? நான் இங்கேதான் நிற்கிறேன். வெளியே பனியில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார்கள்.

போடுங்கள்.