மெத்தைப் புகார்ப் பிரிவுக்கு ஆள் தேவை

...அப்படி இழுத்தா வராதும்மா அந்த டிராயர். கொஞ்சம் தூக்கி, முழங்காலால ஒரு இடி இடிச்சு இழுக்கணும். ம்ம், அப்படித்தான். பதினாலு வருஷமா மாத்திக் குடுங்க, மாத்திக் குடுங்கன்னு கேட்டேன். போன வாரம்தான் புது மேசைக்குச் சரின்னாங்க. எனக்கில்ல, உங்களுக்கு. எனக்கு இன்னிக்குக் கடைசி நாள், உங்களுக்கு முதல் நாள். சாயங்காலத்துக்குள்ள இந்தப் பிரிவு மொத்தத்தையும் உங்க கையில ஒப்படைச்சிடணுமாம். சரி, அதைச் செய்வோம். என் வயித்தெரிச்சல் என்னோட இருக்கட்டும்.

இது புகார் நோட்டு. நம்ம கம்பெனி மெத்தை வாங்கினவங்களுக்கு மொத்தம் மூணே குறைதான். குழி, சத்தம், வாடை. நடுவுல குழி விழுந்துடுச்சும்பாங்க. புரண்டா சத்தம் வருதும்பாங்க. பிளாஸ்டிக் வாடை அடிக்குதும்பாங்க. அப்புறம் திங்கக்கிழமைக்காரர்னு ஒருத்தர் இருக்கார். வாராவாரம் திங்கக்கிழமை பத்து மணிக்குக் கூப்பிடுவார். அவர் மெத்தைக்கு ஒண்ணும் இல்ல. மருமக பேசறதில்லைன்னு அரை மணி நேரம் சொல்லுவார். "பதிவு பண்ணிக்கிட்டேன் ஐயா"ன்னு சொன்னா வெச்சிடுவார். நோட்டுல அவருக்குத் தனிப் பக்கமே இருக்கு, பாருங்க.

நீங்க வாய் திறந்து கேக்கல. ஆனா மனசுல ஓடுது, எனக்குத் தெரியும். இவ்வளவு தெரிஞ்ச மனுஷன் எதுக்கு வேலையை விட்டுப் போறான்னுதானே? நானா விடலம்மா. சொல்றேன், அந்த நாற்காலியை இப்படித் திருப்பிப் போட்டுக்கங்க.

எல்லாத்துக்கும் காரணம் என் மச்சான். எங்க வீட்டுக்காரியோட அண்ணன். மூணு வருஷமா எங்க வீட்டு முன்னறையில இருக்கார். வேலை தேடறார். மூணு வருஷமா! அந்த வேலைத் தளம் இருக்குல்ல, போட்டோ போட்டு, படிப்பு போட்டு, ஆளாளுக்குக் கைகுலுக்கிக்கிற சைட்டு, அதுல அவருக்குத் தெரியாத மூலை முடுக்கு கிடையாது. ஒருநாள் சாப்பிடும்போது சொல்றார், "மாப்ளே, பதினாலு வருஷம் ஒரே இடத்துல இருந்தா உங்களை மரச்சாமான் கணக்குல சேர்த்துடுவாங்க. வெளிய உங்க மதிப்பு என்னன்னு தெரிஞ்சுக்க வேணாமா?" வேலை தேடறதுல உங்களுக்கு என்ன அனுபவம்னு கேட்டேன். "மூணு வருஷ அனுபவம்"னார். எங்க வீட்டுக்காரி ரசத்தை ஊத்திக்கிட்டே, "அண்ணன் சொல்றதைக் கேட்டாத்தான் என்ன"ன்னா.

எனக்கும் ஒரு குறை இருந்துச்சும்மா, பொய் சொல்லக் கூடாது. இந்தச் சீட்டுல உக்காந்தா நல்ல வார்த்தையே காதுல விழாது. நல்லாத் தூங்கினவன் எவன் போன் போட்டு "நல்லாத் தூங்கினேன்"னு சொல்லுவான்? தூக்கம் கெட்டவன்தான் பேசுவான். மேனேஜரும் அப்படித்தான். புகார் குறைஞ்சா மெத்தை நல்லா இருக்குன்னுவார். கூடினா என்னைப் பார்ப்பார். சரி, வெளியவாவது யாராச்சும் நல்லதா நாலு வார்த்தை சொல்றாங்களா பார்ப்போம்னு தலையாட்டிட்டேன்.

முதல்ல போட்டோ. மச்சானோட கோட்டு. தோள் எனக்குப் பத்தல, பின்பக்கம் பிரிச்சு ஊக்கு குத்தினா என் வீட்டுக்காரி. சிரிக்கணும், ஆனா பல்லு தெரியக் கூடாதாம். நாப்பது தடவை எடுத்தோம். நாப்பதுலயும் பல்வலிக்காரன் மாதிரி இருந்தேன். அப்புறம் பேருக்குக் கீழ ஒரு வரி. நான் "மெத்தைப் புகார்ப் பிரிவு"ன்னு எழுதினேன். மச்சான் தலையில அடிச்சுக்கிட்டு அதை அழிச்சுட்டு, "வாடிக்கையாளர் மகிழ்ச்சிக் கலைஞர்"னு போட்டார். மறுநாளே ஒரு அம்மா கேக்கறாங்க, என் பையன் பிறந்தநாளுக்கு வருவீங்களா, பலூன்ல நாய் செய்யத் தெரியுமான்னு. தெரியாதுன்னு எழுதினேன். "அப்ப ஏன் கலைஞர்னு போட்டிருக்கீங்க"ன்னு திட்டினாங்க. அங்க போயும் புகார்தான் கேட்டேன்.

அடுத்து, ஐநூறு பேரோட தொடர்பு வேணுமாம். இல்லைன்னா மனுஷனாவே மதிக்க மாட்டாங்களாம். எனக்கு ஐநூறு பேருக்கு எங்க போறது? எனக்குத் தெரிஞ்சவங்கன்னா இந்த நோட்டுல இருக்கிறவங்கதான். ஒவ்வொருத்தரா தேடி ரெக்வெஸ்ட் அனுப்பினேன். எல்லாரும் ஏத்துக்கிட்டாங்க, தங்கமான ஜனங்க. ஆனா நான் எது போட்டாலும் அதுக்குக் கீழ, ஊர் பார்க்க, "வாழ்த்துகள். என் மெத்தை என்ன ஆச்சு?"ன்னு எழுதினாங்க. ஒருத்தர் குழியைப் போட்டோ எடுத்தே போட்டார். நடுவுல அவர் வீட்டுப் பூனை படுத்திருந்துச்சு.

வாரத்துக்கு ஒரு பதிவும் போடணுமாம். நமக்கு என்ன தெரியும்? தெரிஞ்சதை எழுதினேன். மெத்தை ஒரு பக்கமா சரியுதுன்னு சொன்னா மெத்தையைப் பார்க்காதே, கட்டில் காலைப் பார். கத்தறவரைக் கத்த விடு, மூணாவது நிமிஷம் அவருக்கே தாகம் எடுக்கும், "முதல்ல தண்ணி குடிச்சிட்டு வாங்க சார், நான் லைன்லயே இருக்கேன்"னு சொல்லு. இப்படியே பதினாலு வருஷத்தையும் பதினாலு பதிவா கொட்டிட்டேன். மச்சான் படிச்சிட்டு, "இதெல்லாம் ரொம்பச் சாதாரணம் மாப்ளே, பெரிய வார்த்தையே இல்லையே"ன்னார்.

கடைசியாத்தான் வினையே வந்துச்சு. பரிந்துரை. நம்மளைப் பத்தி இன்னொருத்தர் நல்லவிதமா எழுதித் தரணும். மேலதிகாரி எழுதினா எடை ஜாஸ்தின்னார் மச்சான். கடிதத்தையும் அவரே தட்டிக் குடுத்தார். "எனது அடுத்த கட்டப் பயணத்துக்குத் தங்கள் பரிந்துரையை வேண்டுகிறேன்." நான் படிச்சுக்கூடப் பார்க்காம மேனேஜருக்கு அனுப்பிட்டேன். மறுநாள் காலையில அவர் ரூமுக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, "உடம்புக்கு என்ன? டாக்டர் என்ன சொல்றார்?"ன்னு கேட்டார். அவருக்குத் தெரிஞ்சு அடுத்த கட்டப் பயணம்னா ஒண்ணுதான். அதெல்லாம் இல்ல சார், நல்லாத்தான் இருக்கேன்னேன். உடனே போனைத் திறந்து என் பக்கத்தைப் பார்த்தார். போட்டோவைச் சுத்திப் பச்சை வளையம், வேலை தேடறேன்னு. சொந்தக் கம்பெனிக்குத் தெரியாம மறைச்சு வைக்கிற வசதி அதுல இருக்காம். மச்சான், "மறைச்சா பார்க்கிறவங்க குறைஞ்சிடுவாங்க மாப்ளே"ன்னு திறந்தே விட்டிருந்தார். மேனேஜர் போனைக் கவுத்து வெச்சுட்டு, "சரி, போங்க"ன்னார்.

சாயங்காலம் பரிந்துரை வந்துச்சு. ஒரு பக்கம்மா. "பதினாலு வருஷமா இவர் என் தூக்கத்தைக் காப்பாற்றியவர். இவர் சீட்டில் இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் நான் தினமும் வீட்டுக்குப் போனேன். இவர் எங்கே போனாலும் அவர்கள் அதிர்ஷ்டசாலிகள்." பஸ்ல நின்னுக்கிட்டே படிச்சேன். இறங்க வேண்டிய இடம் போயிடுச்சு. வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரிக்குப் படிச்சுக் காட்டினேன். கடைசி வரைக்கும் கேட்டுட்டு, "யாரைப் பத்தி எழுதியிருக்காங்க?"ன்னா.

அந்த நிமிஷமே எனக்கு வேற வேலை ஆசை விட்டுப்போச்சு. அதோட நிறுத்தியிருக்கணும். மச்சான் விடல. ரெண்டு வாரம் கழிச்சு ஒரு விளம்பரத்தைக் காட்டறார். கம்பெனி பேரு இல்ல. "முன்னணி மெத்தை நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு ஆள் தேவை. பொறுமை, நீண்ட அனுபவம், மாத்தாத டிராயரோடு அனுசரித்துப் போகும் குணம்." டிராயர்னு போடலம்மா, அது நான் சேர்த்தது. மத்ததெல்லாம் என்னை நேர்ல பார்த்து எழுதின மாதிரி இருந்துச்சு. எதிர்க் கம்பெனிதான்னு நினைச்சோம். "சும்மா போட்டுப் பாருங்க மாப்ளே. கிடைச்சா அந்த வேலைக் கடிதத்தை உங்க மேனேஜர்கிட்ட காட்டிச் சம்பளம் கூட்டிக் கேக்கலாம்"னார். ஏஜென்சி அம்மா ஒருத்தங்க போன்ல பேசினாங்க, ஒரு தேர்வு வெச்சாங்க. "மெத்தை சரிந்திருப்பதாக வாடிக்கையாளர் கோபப்படுகிறார், என்ன செய்வீர்கள்?" நான் கட்டில் கால்னு எழுதப் போனேன். மச்சான் கையைப் பிடிச்சுக்கிட்டார். "வாடிக்கையாளரின் உறக்க அனுபவத்தை முழுமையான தொலைநோக்கோடு மறுகட்டமைப்பேன்"னு எழுத வெச்சார். எனக்கே அர்த்தம் தெரியாது.

நாலு நாள் கழிச்சு மேனேஜர் கூப்பிட்டார். கையில ஒரு லிஸ்ட்டு.

"உங்க வேலைக்கு நீங்களே மனு போட்டிருக்கீங்களா?"

"கம்பெனி பேரு இல்லையே சார்."

"நம்ம கம்பெனிதான். நீங்க போறீங்கன்னுதானே ஆள் தேடினேன்."

அப்பவாவது வாயைத் திறந்து, "நான் போகல சார்"னு சொல்லியிருக்கலாம். அதுக்குள்ள அவர் லிஸ்ட்டைத் திருப்பிக் காட்டி, "ரெண்டாவதா வந்திருக்கீங்க. முதல்ல வந்தவங்களைத்தான் எடுக்கணும், அதுதான் விதி. நானே மீறக் கூடாது"ன்னார். முதல்ல வந்தவங்க பதிலையும் காட்டினார். அதாவது உங்க பதிலை. படிச்சேம்மா. "மெத்தையைப் பார்க்க மாட்டேன், கட்டில் காலைப் பார்ப்பேன். முதலில் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்வேன்." என் பதிவு. ஒரு விஷயம் மாறல. நீங்க தலைகுனிய வேணாம், தப்பே இல்ல. பதினாலையும் நீங்க ஒருத்தர்தான் உக்காந்து படிச்சிருக்கீங்க. எழுதின நானே நம்பாததை நீங்க நம்பினீங்க, மார்க் வாங்கினீங்க.

இதையும் கேளுங்க. மேனேஜருக்கு மனசு கேக்கல. தரப் பரிசோதனையில ஒரு இடம் இருக்கு, வரீங்களான்னார். கம்பெனியிலயே சுகமான வேலை அது. புது மெத்தையில எட்டு மணி நேரம் படுத்து, எங்க உறுத்துதுன்னு சொல்லணும். வீட்டுக்கு ஓடினேன். மச்சான் என்ன சொன்னார் தெரியுமா? "உடனே சரின்னா விலை போயிடும். யோசிச்சு சொல்றேன்னு எழுதுங்க." எழுதினேன். நான் யோசிச்சுட்டு இருக்கும்போதே அவர் என் பக்கம் வழியா மேனேஜரைப் பிடிச்சு, "படுப்பதில் மூன்று வருட இடைவிடாத அனுபவம்"னு மனு போட்டுட்டார். இப்ப ரெண்டாவது மாடியில படுத்திருக்கார். வேணும்னா போய்ப் பாருங்க, செருப்பு வெளிய கிடக்கும்.

எல்லாப் பழியையும் அவர் தலையில போட்டுட்டு நான் நிம்மதியாப் போயிடலாம். ஆனா ராத்திரி படுத்தா உண்மை உறுத்துதும்மா. மச்சான் தட்டின பொத்தான் ஆயிரம் இருக்கலாம். போகலைன்னு ஒரு வார்த்தை, அதை நான்தானே சொல்லணும்? "என்ன குறைன்னு நேராச் சொன்னாத்தான் சரி பண்ண முடியும்"னு தினம் நாப்பது பேருக்கு நான்தான் சொல்றேன். என் முறை வந்தப்போ வாயே வரல. எனக்காக அழறதுக்கே மேனேஜர் தயாரா இருந்தார். நான் அந்தப் பரிந்துரையை எத்தனாவது தடவையாவோ படிச்சிட்டிருந்தேன்.

என்னம்மா, தண்ணியா? போய்ட்டு வாங்க, படிக்கட்டு பக்கத்துல இருக்கு. பையை எதுக்குத் தூக்கறீங்க, இங்கயே வைங்க... சரி, உங்க இஷ்டம். வந்ததும் வாடைப் புகாரை எப்படி எழுதறதுன்னு காட்டறேன், அதுல ரெண்டு வகை இருக்கு. புது வாடை, பழைய வாடை. பழைய வாடைன்னா முக்காலும் நாய்...

எங்க, ஆளையே காணோம். தண்ணி குடிக்கப் போனாங்களா, கிணறு வெட்டப் போனாங்களா?

இரு, போன் அடிக்குது. யாரு... ஆ, ஏஜென்சி அம்மாவா? வணக்கம்மா. புதுப் பொண்ணா? இங்கதான் இருந்தாங்க, தண்ணி குடிக்க... என்னது? வாசல்ல ஆட்டோவுல ஏறிட்டுப் பேசினாங்களா? வேலை பிடிக்கலையாமா? ...வேலை பிடிச்சிருக்காம். அப்புறம்? ...ஓ. பதினாலு வருஷம் இங்க உக்காந்தா நானும் இப்படி ஆயிடுவேனோன்னு பயமா இருக்குன்னு சொன்னாங்களா. எவ்வளவு நேரம் பேசினேன்னு சொன்னாங்க? மூணு மணி நேரமா? இல்லம்மா, ரெண்டரைதான் இருக்கும்.

சரி, இப்ப என்ன பண்ணப் போறீங்க? லிஸ்ட்டுல அடுத்த ஆளைக் கூப்பிடறீங்களா? கூப்பிடுங்க. ...ஓ, அதுக்குத்தான் கூப்பிட்டீங்களா?

இல்லம்மா. யோசிக்க எல்லாம் ஒண்ணும் இல்ல. சரி. சரின்னு எழுதிக்கங்க. எங்க மச்சானைக் கேக்க வேணாம், அவர் டியூட்டியில தூங்கிட்டிருப்பார்.

எப்ப வந்து சேரணுமா? உக்காந்துட்டுதாம்மா இருக்கேன்.