அவன் உள்ள இருந்த புதன்கிழமை

இல்லம்மா, எதையும் அழிக்க வேண்டாம். அழிக்காமலே இந்த லேப்டாப்பை ஹோம் வெர்ஷன்லேருந்து ப்ரோவுக்கு மாத்தலாம்னு படிச்சுட்டுத்தான் வந்திருக்கேன். புது நம்பரை அடிச்சா, அதுவா உள்ள என்னமோ வேலை பாத்துட்டு, ஒரு தடவை அணைஞ்சு எழுந்து வந்துடுமாமே. அதானே முறை? அப்ப சரி, பண்ணுங்க. நான் உங்க கடை ஸ்டூல்லயே உக்காந்துக்கறேன். எனக்கு வேற வேலை ஒண்ணும் இல்ல.

பழைய மெஷின்ல ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பிச்சு எடுத்துட்டு வந்திருக்கேன், இதோ. அது ப்ரோதான். இந்த நம்பரையே இதுல போட்டுட முடியாதா? அந்த மெஷினோடயே போச்சா. இது என்னம்மா சட்டம், அது செத்தா இதுவும் கூடவே செத்துடணுமா. சரி விடுங்க, புதுசே போடுங்க. வாங்க வேண்டியதுன்னா வாங்கித்தானே ஆகணும்.

ஆமா, திரை மேல இருக்கற தாளைக்கூட நான் உரிக்கல. வந்து பதினாலு நாளாச்சு. ஒரு தடவை திறந்தேன், கீழ ஹோம்னு போட்டிருந்துச்சு, மூடிட்டேன்.

வரையறதுக்கு ஹோமே போதும்னு எனக்கும் தெரியும்மா. நான் வீட்டு பிளான் போடறவன். முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. முதல்ல பேப்பர்ல, அப்புறம் கம்ப்யூட்டர்ல. ஹோம்ல கோடு நேரா வராதுன்னு நான் சொல்ல வரல. எனக்கு வேண்டியது அந்த ரிமோட் டெஸ்க்டாப். ஹோம்லேருந்து வெளிய இன்னொரு மெஷினுக்குள்ள போகலாமாம், ஆனா வெளியிலேருந்து யாரும் இதுக்குள்ள வர முடியாதாம். எந்தப் புண்ணியவான் யோசிச்சானோ.

என் பையன் வரணும்மா. அவன் தூரத்துல இருக்கான், ஒரு பெரிய கம்பெனில. உக்காந்த இடத்துலேருந்தே எழுநூறு எண்ணூறு மெஷினைப் பாத்துக்கறான். அதுல எழுநூத்தி ஒண்ணாவது மெஷின் என்னோடது.

தூரத்துலேருந்து உள்ள வர்றதுக்கு இருக்கே, அந்த ஆப்பா? தெரியும்மா, இலவசம், ஹோம்லயே ஓடும், எல்லாம் தெரியும். திறந்தா ஒம்பது எண் காட்டும். அதை அந்தப் பக்கம் இருக்கறவனுக்குப் போன்ல படிச்சுக் காட்டணும். போன்ல படிச்சுக் காட்டற நிலைமை இருந்தா நான் ஏம்மா இதை மடியில வெச்சுக்கிட்டு ரெண்டு பஸ் மாறி வரேன்?

பேசறதில்ல. ஆறு வருஷம் ஆச்சு.

நீங்க வேலையைப் பாருங்க, நான் பாட்டுக்குப் பேசிட்டிருப்பேன். என் வீட்ல சுவத்துக்கிட்டதான் பேசணும். அது எத்தனை சதவீதம்னு காட்டுது? பன்னெண்டா. நிறைய நேரம் இருக்கு.

என் வீட்டுக்காரிக்கு உடம்பு முடியாமப் போச்சு. டாக்டர் ரிப்போர்ட்டைப் பாத்துட்டு, நாலு மாசம்னு சொல்லிட்டாரு. பையன் அப்பத்தான் அந்த வேலைல சேந்து மூணு மாசம். சொன்னா அடுத்த நிமிஷமே பெட்டியைக் கட்டிக்கிட்டு வந்துடுவான். அவன் அப்படித்தான், அம்மா புள்ளை. அதனால சொல்லல. போன் பண்ணா, அம்மா தூங்கறா, அம்மா கடைக்குப் போயிருக்கா. அவளும் முடியற அன்னைக்குப் பேசுவா, குரலைக் கொஞ்சம் ஏத்தி வெச்சுக்கிட்டு. டாக்டர் சொன்ன நாலு மாசம் இருக்கல, பத்து வாரத்துலயே போயிட்டா. பையன் வந்து சேந்தப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு.

கத்துவான்னு நினைச்சேன். கத்தல. வாசப்படில நின்னு, இனிமே எனக்கு நீங்க எதுவும் சொல்ல வேண்டாம்னான். அவ்வளவுதான். ரெண்டு நாள் இருந்தான், கிளம்பிட்டான்.

பேசாதவன் எப்படி என் மெஷினுக்குள்ள வந்தான்னா கேக்கறீங்க? அந்த ரிமோட்டெல்லாம் அதுக்கு முன்னாடியே போட்டுக் குடுத்தது. அவன் வேலைக்குப் போனப்ப, அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது, எதையாவது அமுக்கிக் கெடுத்துடுவாருன்னு அவன் அம்மாகிட்டச் சொல்லிட்டு, ரவுட்டர்ல என்னமோ பண்ணி வெச்சுட்டுப் போனான். அவ போய் ஒரு மாசம் இருக்கும். பிரிண்டர் வேலை செய்யல, மூணு நாளா நான் ஒரு பிளானைக் கையில வெச்சுக்கிட்டு முழிச்சிட்டிருக்கேன். ஒரு ஞாயித்துக்கிழமை காலைல பதினொரு மணி. நான் வரைஞ்சிட்டிருக்கும்போதே திரை போயி, அந்தப் பூட்டுன படம் வந்துடுச்சு. மணியும் தேதியும் மட்டும் காட்டுதே, அதுதான். மெஷின் போயிடுச்சுன்னு நினைச்சேன். கால் மணி நேரம் கழிச்சுப் பாஸ்வேர்டு அடிச்சு உள்ள போனா, பிரிண்டர் தானா ஒரு தாளைத் தள்ளுது.

உங்களுக்குத் தெரியாததில்ல. ஒரே நேரத்துல ரெண்டு பேர் உள்ள இருக்க முடியாது. அவன் உள்ள வந்தா எனக்குத் திரை பூட்டிக்கும். நான் பாஸ்வேர்டு அடிச்சா அவன் வெளிய போயிடுவான். அதை நானாவே கண்டுபிடிச்சேன், யாரும் சொல்லித் தரல.

அப்புறம் வாரா வாரம் ஞாயித்துக்கிழமை பதினொரு மணிக்கு வருவான். ஒரு வார்த்தை கிடையாது. வந்தான்னா திரை பூட்டிக்கும், நான் எதிர்ல உக்காந்து அந்த மணியைப் பாத்துக்கிட்டிருப்பேன். சிரிக்காதீங்க, சவரம் பண்ணிக்கிட்டு, நல்ல சட்டையைப் போட்டுக்கிட்டு உக்காருவேன். அவனுக்கு என்னைத் தெரியாதுன்னு எனக்கும் தெரியும். இருந்தாலும் பனியனோட உக்கார ஒரு மாதிரியா இருந்துச்சு.

எல்லாம் ஒழுங்கா ஓட ஆரம்பிச்சா அவன் வரமாட்டானோன்னு பயம் வேற. அதனால நானே கெடுப்பேன். எழுத்தையெல்லாம் பெருசாக்கி வெப்பேன். கீழ இருக்கற பட்டையைப் பக்கவாட்டுல தள்ளி விட்டுடுவேன். ஒரு தடவை திரையையே தலைகீழாக் கவுத்துட்டேன், அப்புறம் எனக்கே நிமித்தத் தெரியல, ரெண்டு நாள் கழுத்தைச் சாய்ச்சுக்கிட்டு வரைஞ்சேன். கோளாறுன்னு பேர் போட்டு ஒரு ஃபைல் வெச்சிருந்தேன். அதுல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எழுதி வெப்பேன். அவன் ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல சரின்னு போடுவான். ஆறு வருஷமா என் பையன் எனக்குச் சொன்னது அந்த ஒரு சரிதான். ஒரு தடவை மட்டும் கடைசில, பிரஷர் மாத்திரை போடறீங்களான்னு ஒரு வரி இருந்துச்சு. நான் அதுக்குப் பக்கத்துல ம்னு எழுதினேன். அதுக்கு ஒரு வாரம் யோசிச்சேன்மா.

நாப்பத்தெட்டா. பரவால்ல, போகுது.

பழைய மெஷின் எப்படிப் போச்சா? போர்டு கருகிடுச்சு. நிறுத்தாம ஓடிட்டே இருந்துச்சு, அஞ்சு வாரம். நான்தான் நிறுத்தல. ஏன்னா அதுல ஒரு நோட்பேட் திறந்திருந்துச்சு.

ஒரு புதன்கிழமை. கிழமையே இல்லாத கிழமைல அவன் உள்ள வந்துட்டான். எனக்கு ஒரு கான்ட்ராக்டர் முன் ரூம்ல உக்காந்துக்கிட்டு, பிளான் எங்க, பிளான் எங்கன்னு உயிரை வாங்கிட்டிருந்தாரு. நான் தண்ணி குடிச்சுட்டு வந்து உக்காந்தா திரை பூட்டியிருக்கு. என்னடா இதுன்னு, அவசரத்துல, கை பாட்டுக்குப் பாஸ்வேர்டை அடிச்சிடுச்சு. உள்ள போனா நோட்பேட் திறந்திருக்கு. கோளாறு ஃபைல் இல்ல, வேற, புதுசு. பேர் வைக்காதது.

மனப்பாடம்மா, சொல்றேன். அப்பா, அம்மாதான் என்கிட்டச் சொல்ல வேண்டாம்னு உங்ககிட்ட சத்தியம் வாங்கினாங்களாமே, சித்தி இப்பத்தான் சொன்னாங்க, நீங்க ஏன் இத்தனை வருஷமா என்கிட்ட... அதோட நிக்குது. அந்தக் கோடு மட்டும் அங்க கண்ணைச் சிமிட்டிட்டிருக்கு.

ஆமா, அவதான் வாங்கினா. கையைப் பிடிச்சுக்கிட்டு வாங்கினா. அவன்கிட்ட நான் சொல்லல. போனவ மேல பழியைப் போட்டுட்டு நான் நல்லவனாகணுமா? அவன் என்னைத் திட்டட்டும், அவளை நல்லபடியா நினைச்சுக்கட்டும்னு விட்டுட்டேன். பெரிய தியாகின்னு நினைக்காதீங்க. அவன் ஒரு நாள் தெரிஞ்சுக்கிட்டு வந்து கேப்பான்னு உள்ளுக்குள்ள ஒரு ஆசை இருந்துச்சு. அவன் கேட்டான். நான் வெளிய தள்ளிட்டேன்.

சேவ் பண்ணல. தொட்டா போயிடுமோன்னு பயம். அவன் விட்ட இடத்துக்குக் கீழ, எழுதுப்பான்னு ஒரே ஒரு வார்த்தை அடிச்சுட்டு, நானே பூட்டி வெச்சுட்டேன். அதுக்கப்புறம் வேலைக்குன்னு அந்த மெஷினைத் தொடல. நான் தொட்டா அவன் மறுபடி வெளிய போயிடுவானேன்னு. கான்ட்ராக்டருக்கெல்லாம் பழையபடி பேப்பர்ல வரைஞ்சு குடுத்தேன். எரிச்சல் பட்டாங்க, பட்டா என்ன. ஞாயித்துக்கிழமை வந்தா சட்டையைப் போட்டுக்கிட்டு உக்காருவேன். அது ஏற்கெனவே பூட்டித்தான் கிடக்கு, அவன் வந்தானா இல்லையான்னு வெளியிலேருந்து எனக்கு எப்படித் தெரியும்? சாயங்காலம் திறந்து பாப்பேன். எழுதுப்பான்னு நான் எழுதினது அப்படியே இருக்கும். அஞ்சு ஞாயித்துக்கிழமை. ஆறாவது வர்றதுக்குள்ள ஒரு தீஞ்ச வாசனை, அவ்வளவுதான். டிஸ்க்கைக் கழட்டிப் பாத்ததுல பிளானெல்லாம் இருக்கு, அது மட்டும் இல்ல.

அந்த மெஷின்லேருந்து தினம் ஒரு காப்பி அவன் பக்கம் போற மாதிரி வெச்சிருந்தான். அது நின்னவுடனே அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். எட்டாவது நாள் இது வந்துச்சு, கூரியர்ல. உள்ள ஒரு துண்டுச் சீட்டுகூட இல்ல.

அவசரத்துல கடைல இருந்ததை வாங்கி அனுப்பியிருப்பாருன்னு நீங்க சொல்றீங்க. நானும் அப்படித்தான் நினைச்சுக்கப் பாத்தேன். எண்ணூறு மெஷினை மேய்க்கிறவன்மா. ஹோம்னா உள்ள வர முடியாதுன்னு அவனுக்கா தெரியாது? எனக்கு மெஷின் வேணும், அதனால அனுப்பிட்டான். அவன் வர வேண்டாம்னு நான் சொல்லிட்டதா நினைக்கிறான், அதனால இதை அனுப்பிட்டான். ரெண்டையும் ஒரே பெட்டில வெச்சு அனுப்பியிருக்கான்.

எழுந்துடுச்சா. எங்க, ப்ரோன்னு காட்டுதா? காட்டுது. அந்த ரிமோட்டையும் இப்பவே போட்டு விட்டுடுங்க. அந்த ஸ்விட்ச்தான், ஆமா.

அது வேறயா. புது மெஷினோட பேரு அவனுக்குத் தெரியணுமா. ரவுட்டர்ல இன்னும் பழைய மெஷினோட விவரம்தான் இருக்குமா. அப்ப திறந்து வெச்சிருக்கேன்னு யாராவது அவன்கிட்ட வாயைத் திறந்து சொல்லித்தான் ஆகணுமா. நான் இதை மாத்திட்டா அவனே எப்படியாவது வந்துடுவான்னு நினைச்சேன்மா. சரி.

ஒண்ணு கேக்கறேன். நான் இங்க பாஸ்வேர்டு அடிக்கும்போது அந்தப் பக்கம் அவன் திரைல என்ன எழுதிக் காட்டும்? வேற ஒருத்தர் அந்தக் கம்ப்யூட்டர்ல வந்துட்டாரு, அதனால உங்க தொடர்பு போச்சு. அவ்வளவுதானா? யாருன்னு காட்டாதா. காட்ட வேண்டாம், அந்தப் பாஸ்வேர்டு தெரிஞ்ச ஆளு என்னை விட்டா யாரு இருக்கா.

நீங்க சொல்லுங்களேன். கடையிலேருந்து பேசறேன், உங்கப்பா மெஷினை மாத்திட்டாரு, பேரு இதுன்னு சொன்னாப் போதும். நம்பர் இதுல இருக்கு.

புரியுதும்மா, நான்தான் பேசணும். அவசரத்துல தெரியாம அடிச்சுட்டேன்பான்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சு போற விஷயம்னு உங்களுக்குத் தோணுது. உங்களுக்கு நான் அப்படித்தான் சொன்னேன். கான்ட்ராக்டர் வந்தது நிஜம். ஆனா அவரு போனதுக்கப்புறம் நடந்ததும்மா அது.

அவ போன தேதி அன்னைக்கு. தேதியை அந்தப் பூட்டுன திரைதான் எனக்குக் காட்டிட்டிருக்கு. அவன் உள்ள இருக்கான்னு நல்லாத் தெரியும். அவ போட்டோவெல்லாம் அதுலதான் இருக்கு, அதைப் பாக்க வந்திருக்கான்னு நினைச்சேன். ஆறு வருஷமா என்னை ஒரு வார்த்தை கேக்காதவன், இன்னைக்கு அவளை மட்டும் பாத்துட்டுப் போக வந்துட்டானான்னு கோவம் வந்துச்சு. போடா வெளியன்னு சொல்லிக்கிட்டேதான் ஒவ்வொரு எழுத்தா அடிச்சேன்.

தெரிஞ்சு பண்ணீங்களா, தெரியாம பண்ணீங்களான்னு அவன் கேப்பான். தெரியாமன்னு சொன்னா நம்பிடுவான்மா. அம்மா கடைக்குப் போயிருக்கான்னு சொன்னப்பகூட நம்பினவன்தானே அவன். அதான் டயல் பண்ண வரமாட்டேங்குது.