புருல்கான் அக்காவின் தொப்பைப் பை

தலைமை ஏற்றிருக்கும் நகர மன்றத் தலைவர் அவர்களே, மேடையில் இருக்கும் பெரியவர்களே, தையல்கூடத்துச் சகோதரிகளே, குதிரைக்கார நண்பர்களே, குளிரில் நடந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் காராக்கோல் மக்களே! எல்லோருக்கும் வணக்கம்.

நான் எசென்குல். மலை மீட்புக் குழுவின் தலைவன். இருபத்தாறு வருஷமாக மலையில் கத்திக் கத்தியே பழகியவன். அதனால் மைக்கை இப்படித் தள்ளி வைத்துவிடுகிறேன். எனக்கு முன்னால் பேசியவர்கள் அழகாகப் பேசினார்கள். எனக்கு அழகு வராது. ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்கப் போவதில்லை.

கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். "கெட்டிக்காரிதான்யா, யாரு இல்லேங்கிறா? ஆனா யாரையும் அண்டவிட மாட்டா. அதான் செத்து மூணு நாள் ஆகியும் ஒருத்தருக்கும் தெரியல." யார் சொன்னது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. புருல்கான் அக்கா இறந்து நாற்பது நாளாக இந்த ஊர் முழுக்க இதைத்தான் சொல்கிறது. அந்தப் பேச்சுக்குப் பதில் என்னிடம் இருக்கிறது. என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

யார் இந்த புருல்கான் அக்கா? ராணுவக் கூடாரம் தைத்த தொழிற்சாலையில் இருபது வருஷம் மிஷின் மிதித்தவர். தொழிற்சாலை மூடிய அன்று, மற்றவர்கள் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனார்கள். அக்கா மட்டும் கிழிந்த பாராசூட் துணி ஒரு மூட்டை கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அந்தத் துணியில் அவர் தைத்த முதல் பை எது தெரியுமா? குதிரைமேல் இரண்டு பக்கமும் தொங்குமே நம் குர்ஜுன், அதுதான். ஆனால் குதிரையை விட்டு இறங்கியதும் நடுவில் மடித்து இரண்டு பட்டையை இழுத்தால் அதுவே முதுகுப்பை! கணவாய்க்குக் கீழே குதிரை சுமக்கும், மேலே மனுஷன் சுமப்பான், சாமானை வெளியே எடுத்து மாற்ற வேண்டியதில்லை. இத்தனை நூறு வருஷமாகக் குதிரையும் வைத்திருக்கிறோம், குர்ஜுனும் வைத்திருக்கிறோம். நம்மில் ஒருவனுக்காவது இது தோன்றியதா?

அதோடு நின்றாரா? மழை மூடியைப் பிரித்தால் பிறந்த ஆட்டுக்குட்டியை மார்போடு கட்டிக்கொள்ளும் தொட்டில். முதுகுத் தகட்டைக் கழற்றினால் உட்காரும் பலகை. அந்தத் தகடு பிளாஸ்டிக் பீப்பாயை வெட்டிச் செய்தது. பனியில் போட்டு இழுத்தால் சறுக்குவண்டி. பக்கிளும் பட்டையும் பழைய கார்களின் சீட் பெல்ட். எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஸ்ட்ரெச்சர் பை! பையை நிமிர்த்தி வைக்கும் இரண்டு அலுமினியக் கம்பிகளை உருவி நீட்டி, பையின் இரு பக்கமும் நுழைத்தால், அடிபட்டவனைப் படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு வரலாம். வெளிநாட்டு மலையேறிகள் அதை விரித்து மடித்து, விரித்து மடித்து, சின்னப் பிள்ளைகள் மாதிரி விளையாடுவார்கள். அக்கா தலையில் அடித்துக்கொள்வார். "வாங்க வந்தியா, மடிக்க வந்தியா?"

இப்படி நாற்பத்திரண்டு பைகள். எல்லாம் அவர் வீட்டு நடையில் வரிசையாகத் தொங்கும். விற்கிறதுக்குத் தனியாகத் தைப்பார். இவை ஊருக்காக. மேய்ச்சல்காரனுக்கு வேண்டுமா, வழிகாட்டிக்கு வேண்டுமா, மனைவிக்கு இடுப்பு வலி, மலையிலிருந்து இறக்க வேண்டுமா? கதவைத் தட்டு, எடுத்துப் போ, வேலை முடிந்ததும் கொண்டு வா. அவ்வளவுதான்.

நம் ஊர்க்காரன் ஒரு பாத்திரத்தையோ பையையோ வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பானா? எவனுக்கும் கை வராது. அந்தக் கை வராத பழக்கம்தான் ஒருநாள் என் உயிரை வாங்கப் பார்த்தது.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால், புதிய பை ஒன்றைச் சோதித்துப் பார்க்க அக்காவும் நானும் அலா-கோல் கணவாய்க்குப் போனோம். இறங்கும்போது பாறை உருண்டு என் கால் முறிந்தது. எலும்பு எட்டிப் பார்த்தது. அக்கா பதறவில்லை. "கத்தாதடா, இதுக்குத்தானே பை தச்சேன்" என்று, கூடவே கொண்டு வந்திருந்த பழைய ஸ்ட்ரெச்சர் பையைத் திறந்தார். கம்பி இருக்கும் இடத்தில் கையை விட்டார். அங்கே கம்பி இல்லை. உப்புத் தயிர்க்கட்டி இருந்தது! அடியில் ஆப்பிள் இருந்தது!

அதற்கு முந்தின வாரம் பையை வாங்கிப் போன ஒரு குடும்பம், நன்றியோடு அதை நிரப்பிக் கொடுத்திருந்தது. கம்பி இடத்தை அடைத்ததால் அதை உருவி வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டார்கள்! உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரன் இப்படி ஒரு தப்பைச் செய்வான், சொல்லுங்கள்!

சிரியுங்கள், சிரியுங்கள். நானும் இப்போது சிரிக்கிறேன். அன்று அக்கா என்னை அந்தப் பீப்பாய்த் தகட்டில் கட்டிப் பனிச்சரிவில் இழுத்துக்கொண்டு போனார். கீழே குதிரை நின்ற இடம் வரைக்கும் ஆறு மணி நேரம். வழி முழுக்க அந்தக் குடும்பத்தைத் திட்டினார். திட்டிக்கொண்டே என் வாயில் தயிர்க்கட்டியைத் திணித்தார். "சப்புடா. சப்பிக்கிட்டே இருந்தா கத்த மாட்டே."

அப்புறம் என்ன செய்தார்? இனி யாரும் பையில் எதையும் வைக்கக் கூடாது என்று சொன்னாரா? நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். அக்கா கம்பிகளை உருவினாலும் பையை விட்டுப் போகாதபடி ஒரு நாடாவால் சேர்த்துத் தைத்தார். பிறகு, நாற்பத்திரண்டு பையிலும் முன்பக்கம் ஒரு பாக்கெட் வைத்தார். பட்டையும் கிடையாது, பக்கிளும் கிடையாது. மலையில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. நான் கட்டுப்போட்ட காலோடு போய்ப் பார்த்துவிட்டு, "என்னக்கா, பைக்குத் தொப்பை போட்டிருச்சு?" என்றேன்.

"ஆமாண்டா. வைக்கிறவன் எப்படியும் வைப்பான். வைக்க ஒரு இடம் குடுத்துட்டா கம்பி தப்பிக்கும்ல?"

அன்றிலிருந்து அதற்குத் தொப்பை என்றே பெயர். தொப்பையில் என்னென்னவோ வந்தது. தேன், பொரித்த மாவுத் துண்டு, காய்ந்த ஆப்ரிகாட், ஒரு ஜெர்மன்காரி பின்னிக் கொடுத்த குல்லா. கொண்டு வந்தவர்கள் உள்ளே வந்து உட்காருவார்கள். தேநீர் குடிப்பார்கள். பட்டை எங்கே உறுத்தியது என்று சொல்வார்கள், அக்கா அங்கேயே பிரித்துத் தைப்பார். கணவர் போய் இருபது வருஷம், பிள்ளையும் இல்லை. ஆனால் அந்த வீட்டில் ஒரு வாரம்கூடக் கதவு தட்டாமல் போனதில்லை. யாரையும் அண்டவிட மாட்டாளா? அவள் தைத்த ஒவ்வொரு பையும் யாரையாவது அண்ட வைத்துக்கொண்டே இருந்ததய்யா!

தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். பார்த்துவிட்டேன் தலைவரே, நேரமாகிவிட்டது. ஆனால் சொல்ல வந்ததை இனிமேல்தான் சொல்லப் போகிறேன்.

போன செப்டம்பரில் ஒரு மீட்பு வேலைக்குப் பை தேடினோம். அக்கா மருந்து வாங்கப் போயிருந்தார், கதவு பூட்டியிருந்தது. அரை மணி நேரம் வீணானது. அன்றே நான் ஒரு முடிவெடுத்தேன். பைகளெல்லாம் இனி மீட்புக் குழு அலுவலகத்தில் இருக்கும், அங்கே வாங்கி அங்கேயே கொடுக்க வேண்டும். ரொட்டிக்கடைக் கதவில் நானே அறிவிப்பு ஒட்டினேன். கடைசியில் ஒரு வரி எழுதினேன்: "அக்காவுக்கு முழங்கால் வலி. யாரும் அவர் வீட்டுக்குப் போய்த் தொந்தரவு செய்ய வேண்டாம்."

நல்ல எண்ணத்தில்தான் எழுதினேன். அதுதான் என்னைத் தூங்க விடாமல் அடிக்கிறது.

லாரி கொண்டு போனோம். அக்கா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். பாதி ஏற்றியதும், "எல்லாத்தையுமா எசென்?" என்று கேட்டார். "எல்லாந்தான்க்கா. இனி நீ நிம்மதியா இரு" என்றேன். நாற்பத்தொன்று ஏறியது. ஒன்று குறைந்தது. "எவனோ அமுக்கிட்டான்" என்று நான் கத்தினேன். "அமுக்கல. வருவான்" என்றார் அக்கா.

பிறகு தொப்பைகள் என் அலுவலகத்துக்கு வந்தன. நாங்கள் பிரித்துத் தின்றோம். கொண்டு வந்தவர்கள் மேசையில் வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அங்கே யாரும் உட்காரவில்லை.

டிசம்பரில் ஒருநாள் அக்கா கோலை ஊன்றிக்கொண்டு அலுவலகம் வந்தார்.

"பையெல்லாம் ஒழுங்கா வருதாடா?"

"வருதுக்கா. நேத்துக்கூட ஒண்ணு வந்துச்சு."

"தொப்பையில என்ன இருந்துச்சு?"

"தயிர்க்கட்டி. நாங்களே தின்னுட்டோம்க்கா."

"எப்படி இருந்துச்சு?"

"உப்பு தூக்கல்."

"அப்ப ஜெத்தி-ஓகுஸ்காரங்க வீட்டுதுதான்" என்று சிரித்தார். "அந்த மருமக முழுகாம இருந்தாளே. என்ன பிள்ளன்னு கேட்டியா?"

"அதெல்லாம் யாருக்கா கேப்பாங்க?"

அக்கா கோலைத் திருப்பி ஊன்றினார். அப்புறம் போய்விட்டார். மக்களே, நான் என்ன செய்தேன் தெரியுமா? பாவம், அக்காவுக்குத் தயிர்க்கட்டி மேல் ஆசை வந்துவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் சந்தையில் ஒரு கிலோ வாங்கி டிரைவரிடம் கொடுத்தனுப்பினேன். நானே கொண்டு போகவில்லை. அவனும் வாசலில் வைத்துவிட்டு வந்தான். தொந்தரவு செய்யக் கூடாதல்லவா?

பிப்ரவரியில் அக்கா இறந்தார். மிஷின் முன்னால் உட்கார்ந்தபடியே போய்விட்டார். முதல் நாள் யாரும் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் ஒருவர் வந்து கதவைத் தட்டினார். அதோ, மூன்றாவது வரிசையில் வெள்ளைத் தொப்பியோடு இருக்கிறாரே, கல்முர்சா. அக்-சூ பள்ளத்தாக்கில் ஆடு மேய்ப்பவர். அந்த நாற்பத்திரண்டாவது பை அவரிடம்தான் இருந்தது. போன கோடையில் வாங்கியது. ஏன் இவ்வளவு நாள் என்று கேட்டேன். அவர் சொன்னது: "வெறும் பையைக் கொண்டுபோய்க் குடுக்கச் சொல்றியா? வெண்ணெய் சேரட்டும்னு இருந்தேன்." ஆட்டு இரைப்பையில் அடைத்த வெண்ணெய், தொப்பை நிறைய இருந்தது.

போன கோடையிலிருந்தே மலைமேல் இருந்ததால் என் அறிவிப்பை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவரும் அலுவலகத்துக்குத்தான் வந்திருப்பார். "மூணு தடவ தட்டினேன்" என்றார். "பகல்ல வெளக்கு எரியுது, மிஷின் சத்தத்தக் காணோம். அவ வெளக்கு எரிஞ்சா மிஷின் ஓடணுமே." கதவை உடைத்ததும், நம் வழக்கப்படி வாசலில் நின்று ஓங்கி அழுத முதல் ஆள் அவர்தான். சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை.

அக்கா யாரையும் அண்டவிடாமல் இல்லை. அண்ட வந்தவர்களைத் தடுத்தது என் கையெழுத்து. இதை இந்த ஊர் தெரிந்துகொள்ள வேண்டும். இனி யாராவது அவரை அப்படிச் சொன்னால், என் பெயரைச் சொல்லித் திருத்துங்கள்.

நகர மன்றத் தலைவர் அவர்களே! பைகள் இருக்கும் என் அலுவலக அறைக்கு அக்கா பெயரை வைத்துப் பலகை மாட்டப் போவதாகச் சொன்னீர்கள். கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன், மாட்டாதீர்கள். அந்த அறையை நேற்றே காலி செய்துவிட்டேன். மீட்பு வேலைக்கு ஆறு பை போதும், அவை எங்களிடம் இருக்கும். மீதி முப்பத்தாறும் வெளியே லாரியில் இருக்கின்றன.

உங்களில் யார் தனியாக இருக்கிறீர்களோ அவர்கள் வீட்டுக்கு ஒரு பை. ஊர்க்காரர்கள் அங்கே வந்து தட்டி வாங்க வேண்டும், அங்கேயே வந்து தட்டிக் கொடுக்க வேண்டும். வாசலில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. கம்பி தேய்ந்தால், பட்டை அறுந்தால், தையல்கூடத்துச் சகோதரிகள் அந்த வீட்டுக்கே போய்த் தைத்துக் கொடுப்பார்கள், ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அக்காவின் வேலையைத் தொடர்வோம் என்று நான் தரும் உறுதி இது ஒன்றுதான்.

சொல்லுங்கள். யார் வீட்டில் வைக்கலாம்?

ஏன் எல்லோரும் தரையைப் பார்க்கிறீர்கள்? பிள்ளைகள் மாஸ்கோவில், பிஷ்கெக்கில், கொரியாவில். நம் ஊரில் தனி ஆள் இல்லாத தெரு எது? இருந்தும் ஒரு கை எழவில்லை. புரிகிறது. உடைந்த காலைக் காட்டிவிடலாம், இதைக் காட்ட முடியாது.

என் மனைவி பேரனைப் பார்த்துக்கொள்ள மாஸ்கோ போய் நான்கு வருஷமாகிறது. வாரம் ஒரு போன். அலுவலகம் முடிந்தால் நான் வீட்டுக்குப் போகாமல் சந்தையைச் சுற்றிக்கொண்டிருப்பேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. இரண்டு தெரு தள்ளித்தான் அவர் இருந்தார்.

இதோ, என் கையைத் தூக்குகிறேன். ஒன்று.

கல்முர்சா அண்ணே, நீங்களுமா? அண்ணி வீட்டில் இருக்கிறார்களே... ஓ. தவறிவிட்டார்களா? எப்போது? எனக்குத் தெரியாது அண்ணே. யாருமே சொல்லவில்லையே. இரண்டு.

தலைவரே, சீட்டு அனுப்ப வேண்டாம். நான் இந்தக் கையைக் கீழே போடப் போவதில்லை. முப்பத்தாறு பை இருக்கிறது. அவசரமில்லை மக்களே, மெதுவாக. நான் இங்கேயே நிற்கிறேன்.