குலுக்கக் கூடாத மருந்து

டீ நன்றாக இருக்கிறது, ஐயா. எங்கள் ஆய்வகத்து இயந்திரம் துப்புகிற டீயைக் குடித்துப் பழகியவனுக்கு எதைக் கொடுத்தாலும் நன்றாகத்தான் இருக்கும். அவசரமில்லை என்றால் முதலிலிருந்தே சொல்கிறேன். வகுப்பெடுத்துப் பழகிய வாய், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கைக்கு வந்தது, உடம்பின் காவல்படையே சொந்த வீட்டை அடித்து நொறுக்குகிற வியாதி. இமையைத் தூக்க முடியாது; நாலு வாய் மெல்லுவதற்குள் தாடை சோர்ந்துவிடும். அந்தப் படையை அடக்கும் ஆன்டிபாடி என்கிற புரதம் ஒன்றை மருந்தாக உருவாக்குவதுதான் என் வேலை. முதலில் அதை எலியின் உடம்பில் உண்டாக்குவோம். அப்படியே மனிதருக்குச் செலுத்தினால், புது மருமகளைப் பார்க்கிற மாமியார்போல உடம்பு அதை ஏற இறங்கப் பார்க்கும். அதனால் எலிச் சாயலைத் துண்டு துண்டாக நீக்கி மனிதச் சாயலைப் பொருத்துவோம். என் மருந்துக்கு ஆய்வகத்தில் 'பெரியவன்' என்று பேர். அதில் இரண்டொரு இடத்தில் எலிச் சாயலை விட்டுவைத்தேன். அங்கேதான் இலக்கின்மேல் மருந்தின் பிடி இறுகும் என்பது என் கணிப்பு. பெரிய மனிதர்களின் கணிப்பை யாரும் கேள்வி கேட்பதில்லை. என்னையும் கேட்கவில்லை.

தங்கைக்குப் பெரியவனை ஏற்றினார்கள். உடம்பெல்லாம் தடிப்பு, அரிப்பு. நிறுத்திவிட்டார்கள்.

என்னிடம் வேலை பார்த்த ஒரு பெண், நான் அவளைப் 'பொடிசு' என்றுதான் கூப்பிடுவேன், கணினியின் முன்னால் உட்கார்ந்து நான் விட்டுவைத்த இடங்களையும் மாற்றினாள். பிடி தளரவில்லை, முன்னைவிட இறுகியது. 'சின்னவன்' பிறந்தான். என் பெயரையே ஒழுங்காகச் சொல்லத் தெரியாத எங்கள் இயக்குநர் அவளை "நம்ம மேதை" என்றார். நான் கைதட்டினேன். அந்தக் கூடத்திலேயே அதிக நேரம் கைதட்டியவன் நான்தான். வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள்.

சின்னவனை ஏற்ற ஆரம்பித்துச் சில வாரங்களில் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, இன்னிக்கு என் தலையை நானே சீவிக்கிட்டேன். அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும். எனக்கு உயிர் குடுத்ததே அவதான்."

"அப்போ நான் ஒண்ணுமே பண்ணலையா?" என்றேன், விளையாட்டாக.

"நீயா? உன் மருந்து என்னைச் சொறிய வெச்சதுதான் மிச்சம்," என்று சிரித்தாள். பக்கத்திலிருந்த மாப்பிள்ளையும் சிரித்தார். நானும் சிரித்தேன். வயிற்றெரிச்சல் என்று எழுதிக்கொள்ளாதீர்கள், நான் அப்படிப்பட்ட ஆளில்லை. எனக்கு வந்தது அறிவியல் சந்தேகம். அவள் உடம்பு ஒரு மருந்தை ஏற்கவில்லை என்றால் இன்னொன்றை மட்டும் ஏன் ஏற்க வேண்டும்? சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்ப்பதுதானே எங்கள் பிழைப்பு.

ஆன்டிபாடி மருந்தைக் குலுக்கக் கூடாது. வேலைக்கு வந்த முதல் நாளே எங்கள் ஆட்களுக்கு இதைச் சொல்லிவிடுவோம். குலுக்கினால் நுரைக்கும், நுரையில் புரதம் உருக்குலைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகிவிடும். தனித்தனியாகப் போனால் உடம்பு கண்டுகொள்ளாது. கும்பலாகப் போனால் எதிரி என்று முடிவு கட்டிவிடும். நீங்களும் அப்படித்தானே. ஒருவன் நின்றால் கடந்துபோவீர்கள், பத்துப் பேர் கூடினால் தடியைத் தேடுவீர்கள். ஒருமுறை முகம் பதிந்துவிட்டால் பிறகு தனியாக வந்தாலும் விடமாட்டீர்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் குளிர்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நானே மருத்துவமனைக்குப் போனேன். "இவ்வளவு பெரிய ஆளு, நீங்களே சுமக்கணுமா சார்?" என்பார் எங்கள் வேன் ஓட்டுநர். பள்ளம் வந்தால் வண்டியை இறங்கித் தள்ளாத குறையாக மெதுவாக ஓட்டுவார். மருந்து அலுங்கக் கூடாதாம். நல்ல மனிதர். போய்ச் சேர்ந்ததும் கழிப்பறைக்குள் நுழைந்து தாழ் போட்டுக்கொண்டு சீசாவைக் குலுக்குவேன். வலக்கை வலித்தால் இடக்கை. நுரை அடங்கும்வரை காத்திருப்பேன். அவசரப்பட்டுச் செய்கிற காரியமில்லை அது. செவிலியர் சீசாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். தெளிவாக இருக்கும். கொத்துகள் கண்ணுக்கே தெரியாத அளவு சின்னவை.

தங்கையின் இமை மறுபடி சரிந்தது. பொடிசு பாதியாக இளைத்துவிட்டாள்.

"இதோட நிறுத்திடலாம் சார். அவங்க உடம்பு மருந்தை எதிர்க்க ஆரம்பிச்சிருச்சு. அடுத்த டோஸ் ஆபத்து," என்று கெஞ்சினாள். டாக்டரும் தயங்கினார். அண்ணன் என்ற முறையில் நான்தான் எல்லோருக்கும் தைரியம் சொன்னேன்.

"இன்னும் ஒரே ஒரு தடவை பார்ப்போம்மா," என்றேன் தங்கையிடம்.

"நீ சொன்னா சரிண்ணா," என்றாள். சின்ன வயதிலிருந்தே என் பேச்சைத் தட்டாதவள்.

அன்றைக்கும் குலுக்கினேன். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பித்த சற்று நேரத்தில் அவள் தொண்டை வீங்கி அடைத்தது. என் கையைத்தான் பிடித்திருந்தாள். குலுக்கிச் சோர்ந்த கை. அவள் இறுக்கியபோது வலித்தது. அவள் கைகளில் இன்னும் இவ்வளவு பலம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. டாக்டர்கள் ஓடி வந்தார்கள். பிழைக்கவைக்க முடியவில்லை.

அழுதேன், ஐயா. பொய்யில்லை, எனக்கு இருந்தது ஒரே தங்கை. பொடிசும் அழுதாள், தன் மருந்துதான் கொன்றுவிட்டது என்று. அவள் தோளைத் தட்டி, "அனுபவம் பத்தாதும்மா," என்றேன். அதைச் சொன்னபோது மனசுக்கு நிம்மதியாக இருந்ததையும் நான் மறைக்க விரும்பவில்லை.

அவள் அதோடு விட்டிருக்கலாம். சீசாவில் ஒட்டியிருந்த மிச்சத்தை எடுத்துச் சோதித்தாள். கொத்துக் கொத்தாக இருந்தது. கூடவே தயாரான மற்ற சீசாக்கள் சுத்தம். வழியில் குலுங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டாள், மேதை அல்லவா. ஆனால் பழி யார் தலையில் விழுந்தது பாருங்கள். ஓட்டுநர் கண்மண் தெரியாமல் வண்டி ஓட்டி மருந்தைக் கெடுத்துவிட்டாராம். நீங்களும் அதை நம்பி அவரைக் கொண்டுவந்து அடைத்திருக்கிறீர்கள். இயக்குநர் என் வீட்டுக்கு வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

நிரபராதிக்காக மனசாட்சி உறுத்தி வந்திருக்கிறேன் என்று உங்கள் காவலர் நினைத்துவிட்டார். நான் உள்ளே வரும்போது எழுந்து நின்று வணக்கம் சொன்னார். நினைத்துக்கொள்ளட்டும். எத்தனை பள்ளத்தில் வண்டியை இறக்கி ஏற்றினாலும் இவ்வளவு நேர்த்தியான கொத்துகள் வராது, ஐயா. செவிலியரின் கண்ணுக்குத் தப்பி, உடம்பின் கண்ணில் மட்டும் பட வேண்டுமென்றால் அதற்குத் துறை தெரிந்த கை வேண்டும். ஓட்டுநரால் அது ஆகாது. பொடிசாலும் ஆகாது. என் தங்கையைக் கொன்றது நான். அந்தப் பெயரையாவது இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.