தகரக் கூரைத் தெருவில் எங்களைப் பிடித்து வைத்தது குறித்து

என் பெயரும் விலாசமும் முதல் தாளில் எழுதியிருப்பது சரியே. வயது நாற்பத்தொன்று. பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை நடத்துகிறேன். தகரக் கூரை வீடுகளுக்குள் எவ்வளவு வெயில் இறங்குகிறது என்பது என் ஆராய்ச்சி. சனிக்கிழமைகளில் அந்தத் தகரக் கூரைத் தெருவிலேயே, வீட்டைக் குளுமையாக வைப்பது பற்றி, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரும் வகுப்பும் எடுக்கிறேன்.

நேற்று மதியம் நானும், எல்லோரும் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடும் என் நெட்டை ஆராய்ச்சி மாணவனும், வீடு வீடாகக் கூரைக்கடியில் வெப்பமானி மாட்டிக்கொண்டிருந்தோம். மற்ற கருவிகள் பல்கலைக்கழக வேனில் இருந்தன. அவை சூடாகக் கூடாதென்று ஓட்டுநர் ஏசியை ஓடவிட்டு, கீழே நின்று மனைவியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

அப்போது எதிர்வீட்டுப் பெண், தன் நாலு வயது மகளைக் காணோம் என்று அலறிக்கொண்டு ஓடிவந்தார். அதன் பிறகு ஒருவர், "அந்த நெட்டையன்தான் பாப்பாகிட்ட பேசிட்டு இருந்தான்" என்று கைகாட்ட, தெருவே கூடி மாணவனின் சட்டையைப் பிடித்தது. அவன் பேசியது உண்மைதான். கையில் இருப்பது என்ன என்று குழந்தை கேட்டதற்குப் பதில் சொன்னான். நான் குறுக்கே போய் நின்றேன். சட்டை கிழியும் சத்தம் கேட்டது. அதன் பிறகு, என் வகுப்புக்கு வரும் அயர்ன் கடை அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, "இந்த டீச்சர் கிளாஸ்ல நான் உக்காந்திருக்கேன்டா. தொடுறதுன்னா என்னைத் தொட்டுட்டுத் தொடுங்க" என்றார். கையில் சூடான இஸ்திரிப் பெட்டியும் இருந்ததால் யாரும் தொடவில்லை.

அதன் பிறகு வேனைத் திறந்து காட்டச் சொன்னார்கள். "தாராளமா பாருங்க, கருவிப் பெட்டியைத் தவிர ஒண்ணும் கிடையாது" என்று நானே கதவை இழுத்தேன். கடைசி சீட்டில், கருவி சுற்றிவந்த பஞ்சுத்தாளைப் போர்த்திக்கொண்டு குழந்தை படுத்திருந்தாள். மறுபக்கக் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். ஓட்டுநர் தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒருவர் கல்லை எடுத்தார்.

தாய் உள்ளே ஏறி மகளை உலுக்கி, "யாருடி உன்னை இதுல ஏத்துனது?" என்று கேட்டார்.

"நானேதாம்மா ஏறுனேன். உள்ள ஜில்லுன்னு இருக்கு. கதவைச் சாத்து" என்று சொல்லிவிட்டு, குழந்தை திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கல்லை எடுத்தவர் அதை எங்கே போடுவதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். தாய் மகளை அடிக்கக் கை ஓங்கி, அதே கையால் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "வேர்வையே இல்லைங்க" என்றார். அதன் பிறகு என்னிடம், "வெயில் ஆரம்பிச்சதுலேருந்து இவ பகல்ல கண்ணை மூடலை. கொஞ்ச நேரம் தூங்கட்டுமா?" என்று கேட்டார். நான் கதவைச் சாத்தினேன்.

மாணவனுக்குக் கழுத்தில் கீறல் மட்டுமே. நாங்கள் யார்மீதும் புகார் கொடுக்க விரும்பவில்லை.

காவலர்கள் வந்தபோது கூட்டம் ஏன் கலையாமல் வேனைச் சுற்றி நின்றது என்று கேட்டீர்கள். அப்போது தகராறு எதுவும் இல்லை. குழந்தை தூங்கித் தானாக எழுந்திருக்கட்டும் என்று எல்லோரும் சத்தமில்லாமல் நின்றுகொண்டிருந்தோம்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, நடந்ததும் இதுவே.

ஒப்பம்.