சொர்ணத்தாயிடம் கேட்ட கேள்வி

நாங்கள் போன் கொடுத்த நாற்பது பேரில், அதை மறக்காமல் சார்ஜ் போட்டு வைத்திருந்தது சொர்ணத்தாய் மட்டும்தான் சார். ஆராய்ச்சிக்கு அப்படி ஒருவர் கிடைப்பது அபூர்வம்.

காலை ஏழு மணியிலிருந்து மாலை ஐந்து வரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கூப்பிடுவேன். இந்த நிமிடம் மனதில் ஓடுவது நடந்து முடிந்ததா, நடக்கப்போவதா? கேள்வி இவ்வளவுதான். நாங்கள் கொடுத்த போனில் என் ஒருவனோடு மட்டுமே பேச முடியும். கோவில்பட்டியில் அறை எடுத்துத் தங்கி, பதில்களை எழுதிவந்தேன்.

முக்கால்வாசிப் பேர் நாளையைப் பற்றித்தான் சொன்னார்கள். பசுவந்தனைப் பக்கம் தனியாக இருந்த சொர்ணத்தாய் மட்டும், "முள்ளு வெட்டுதேன்", "கஞ்சி குடிக்கேன்" என்பார். மழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிட்டவர். மழையைக்கூடவா நினைக்கவில்லை என்று கேட்டேன்.

"வெதச்சாச்சு. வந்தா வருது, வராட்டிப் போவுது தம்பி. அதப் போட்டு எதுக்கு நெனைக்கணும்?"

என்னால் நம்ப முடியவில்லை. அதனால் ஒரு பொய் சொன்னேன். "பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் ஒங்கள விசாரிச்சான்மா. காட்டு வேலைக்கு எந்த வழியாப் போவாங்கன்னு கேட்டான்."

மறுநாளே பதில்கள் மாறின. "அவன் வந்துருவானோ தம்பி?" "கதவ ஒடச்சிருவானோ?" ஆறும் எதிர்காலம். கேட்கப் பாவமாகத்தான் இருந்தது. பயம் தணிந்த அன்று, அவனை மறுபடி பார்த்தேன் என்றேன்.

பத்தாம் நாள் அவனுக்குப் பயந்து ரோட்டை விட்டு, கருவேல முள்ளுக்குள் புகுந்து போயிருக்கிறார். அங்கே கைப்பிடிச் சுவர் இல்லாத ஒரு வற்றிய கிணறு. ஒன்பது மணி ஆகப்போகும்போது அவரே கூப்பிட்டார்.

"தம்பி, கெணத்துக்குள்ள விழுந்துட்டேன். இடுப்பு அசையல. யாரையாவது அனுப்புங்க. அவன் வந்து எட்டிப் பாத்துருவானோன்னு பயமா இருக்கு."

கேள்வி நேரம் வந்திருந்தது. கேட்டேன். ஆள் வருகிறது என்று ஆறுதலும் சொன்னேன். யாரையும் அனுப்பவில்லை. ஆள் போனால் அன்றைய பதில்கள் கெட்டுப்போகும்.

பதினொரு மணிக்கு, "வாராவளா தம்பி?" என்றார். எதிர்காலம். ஒரு மணிக்கும் அதேதான். மூன்று மணிக்கு, மேலே யாரோ ஆடு பத்திக்கொண்டு போகும் சத்தம் கேட்டதாகவும், அது அவனாக இருக்குமோ என்று வாயைப் பொத்திக்கொண்டதாகவும் சொன்னார்.

ஐந்து மணிக்கு எடுக்கவில்லை.

அட்டவணையில் அந்த ஐந்து மணிக் கட்டத்தில் 'பதில் இல்லை' என்றுதான் குறித்திருக்கிறேன், பாருங்கள். எதிர்காலம் என்று நானே எழுதியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் சொல்லாத ஒன்றை எழுத என் மனசாட்சி இடம் தரவில்லை சார்.